கறுப்பு வெள்ளைப் படம் அச்சில் பச்சையடிக்கிறது: மையை மாற்றவா, பிரிண்டரையே மாற்றவா?

உப்புக்காத்து:

வணக்கம். மூன்று வருடமாகத் தூத்துக்குடி உப்பளங்களில் எடுத்ததில் பதினான்கு படங்களைப் பொறுக்கி வைத்திருக்கிறேன், எல்லாம் கறுப்பு வெள்ளை. ஏ3 அளவில் அச்சிட்டுச் சட்டம் போட்டு தை மாதம் இங்கே ஒரு சின்ன அரங்கில் மாட்ட வேண்டும். லேபில் கொடுத்தால் கலர் பேப்பரிலேயே கறுப்பு வெள்ளையையும் எடுத்துத் தருகிறார்கள், ஒன்று ஊதா அடிக்கிறது, மறுநாள் எடுத்தது பழுப்படிக்கிறது. அதனால் நாமே செய்துகொள்ளலாம் என்று ஆறு கலர் டேங்க் பிரிண்டர் ஒன்றை வாங்கிப் போட்டேன்.

கலர் படம் அருமை. கறுப்பு வெள்ளைதான் அழ வைக்கிறது. காலையில் ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தால் உப்புக் குவியலெல்லாம் பாசி படிந்த மாதிரி லேசான பச்சை, அதே தாளை ராத்திரி ஹாலில் மஞ்சள் பல்பின் கீழே பார்த்தால் ரோஸ். "உப்பு ஏன்டா பச்சையா இருக்கு" என்று அம்மா கேட்டுவிட்டார், அதற்கு மேல் ஒரு விமர்சகர் எனக்குத் தேவையில்லை. நிழல்களும் அடைத்துக்கொள்கின்றன. குவியல் மேல் வேய்ந்த பனையோலை திரையில் ஓலை ஓலையாகத் தெரிகிறது, தாளில் ஒரே தார்.

பிரிண்டரை கேலிபரேட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். மை வாங்கும் கடையில், டை மையை (நீரில் கரைந்த சாயம்) எடுத்துவிட்டு பிக்மென்ட் மை (நுண்துகள் மை) ஊற்றுங்கள், லிட்டர் கணக்கில் மலிவாகத் தருகிறேன் என்கிறார்கள். கார்பன் மை என்று வேறு எங்கோ படித்தேன். காசு போவதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்று இங்கே வந்தேன். தாள் 270 ஜிஎஸ்எம் கிளாஸி, சாதாரண கடைத் தாள்தான்.

அவசரக்குடுக்கை:

டிரைவரில் கிரேஸ்கேல் என்று ஒரு டிக் இருக்கும் ப்ரோ. அதைப் போடுங்க, முடிஞ்சது.

சிவப்புபல்பு:

தம்பி, மை வாங்கிவிடாதே. முதலில் நோய் என்ன என்று பார்ப்போம், மருந்து அப்புறம்.

உன் பிரிண்டரில் இருக்கிற ஆறு மை எவை என்று பார். சயான், மெஜந்தா, மஞ்சள், லைட் சயான், லைட் மெஜந்தா, ஒரு கறுப்பு. சாம்பல் என்று ஒரு மையே கிடையாது. அப்படியென்றால் வெளிர் சாம்பல் எங்கிருந்து வருகிறது? லைட் சயானையும் லைட் மெஜந்தாவையும் கொஞ்சம் மஞ்சளையும் பக்கத்தில் பக்கத்தில் துளித்துளியாகத் தெளித்து, அதைத்தான் சாம்பல் என்று நம் கண்ணை நம்ப வைக்கிறது. கறுப்பு மை நிழல் பக்கம் போன பிறகுதான் கணிசமாக உள்ளே வரும். வெளிர் சாம்பலில் கறுப்புத் துளி விழுந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்பதால் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். உன் படமோ உப்பு, முக்கால்வாசி வெளிர் சாம்பல். கல்யாண போட்டோவில் இந்தக் கோளாறு யாருக்கும் தெரியாது, சேலையும் நகையும் கண்ணைப் பிடித்துக்கொள்ளும். நிறமே இல்லாத இடத்தில் இம்மியளவு பச்சை இருந்தாலும் கண் அதைப் பிடித்துவிடும்.

வெளிச்சத்துக்கு வெளிச்சம் நிறம் மாறுவதற்கும் காரணம் இதேதான். மூன்று நிறத்தைக் கலந்து செய்த சாம்பல் ஒரு விளக்கின் கீழ் நடுநிலையாகத் தெரியும், வேறு விளக்கின் கீழ் அந்தச் சமநிலை குலைந்துவிடும். இதை மெட்டாமெரிசம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். பகலில் பச்சை, மஞ்சள் பல்பில் ரோஸ் என்று நீ எழுதியதைப் படித்ததும் பழைய ஞாபகம் வந்தது. 2000-ங்களின் தொடக்கத்தில் பிக்மென்ட் பிரிண்டர்கள் வந்த புதிதில் எல்லோரும் இதே ஒப்பாரிதான் வைத்தோம். எப்சன் 2005-ல் கே3 மைகளைக் கொண்டுவந்து கறுப்போடு இரண்டு சாம்பல் மைகளையும் சேர்த்த பிறகுதான் அந்தச் சத்தம் அடங்கியது.

ஆனால் உன் பச்சை முழுவதும் இதனால் வருகிறதா, அமைப்புக் கோளாறும் சேர்ந்திருக்கிறதா என்று தெரியவில்லை. அதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் கிரேஸ்கேல் கோப்பு ஒன்று திற, கிரே காமா 2.2. அதில் 21 கட்டம் போடு. முதல் கட்டம் வெறும் தாள், அடுத்தது 5 சதவீதம், அதற்கடுத்தது 10, இப்படியே 100 வரை. அதை அச்சிட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிடு. டை மை முதல் சில மணி நேரத்துக்கு நிறத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், மெஷினிலிருந்து வந்த சூட்டோடு தீர்ப்பு எழுதக் கூடாது. மறுநாள் வடக்குப் பார்த்த ஜன்னலிலும், டியூப் லைட்டிலும், மஞ்சள் பல்பிலும் பார். எல்லா வெளிச்சத்திலும் ஒரே பச்சை என்றால் அமைப்போ புரொஃபைலோ (இந்த மையும் தாளும் நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்லும் கோப்பு) தப்பு. இடத்துக்கு இடம் மாறுகிறது என்றால் மையின் குணம், அதை எந்த கேலிபரேஷனாலும் திருத்த முடியாது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஃபோட்டோஷாப்பின் பிரிண்ட் சன்னலில் நிறத்தை யார் கவனிப்பது என்று கேட்கும், ஃபோட்டோஷாப்பா பிரிண்டரா என்று. ஃபோட்டோஷாப் என்று சொல்லிப் புரொஃபைல் கொடுத்துவிட்டு டிரைவருக்குள்ளும் கலர் கன்ட்ரோலை அணைக்காமல் விட்டால் இரண்டு பேரும் ஒரே படத்தைத் திருத்துவார்கள். இரண்டு சமையல்காரர்களும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் உப்புப் போட்ட சாம்பார் மாதிரி. யாராவது ஒருவர்தான் கவனிக்க வேண்டும்.

அவசரக்குடுக்கைக்கு: அந்த டிக்கைப் போட்டாலும் போட்டோ பேப்பர் தேர்வில் பல டிரைவர்கள் கலர் மைகளைக் கலந்தேதான் சாம்பல் செய்கின்றன. டிக் என்பது படத்தின் நிறத்தை எடுக்கும், மையின் நிறத்தை எடுக்காது.

நிழல் அடைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் திரை என்ன வெளிச்சத்தில் வைத்திருக்கிறாய்? முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தினால் அச்சு இருட்டாக வராமல் என்ன செய்யும். அச்சுக்குத் திருத்துகிறவர்கள் திரை வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80-லிருந்து 120 கேண்டெலாவுக்குள் வைத்துக்கொள்வார்கள். கருவி இல்லையென்றால் பரவாயில்லை, திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்து, திரை தாளைவிட ஜொலிக்காத அளவுக்குக் குறை.

கட்டங்களை அளக்க ஸ்பெக்ட்ரோ (நிறத்தையும் அடர்த்தியையும் அளக்கும் கருவி) வாங்க வேண்டாம், ஒரு லென்ஸ் விலை கேட்பார்கள். சிவகாசி உனக்குப் பக்கம்தானே? ஆப்செட் அச்சகத்தில் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர்கள் மேஜையில் ஸ்பெக்ட்ரோ டென்சிட்டோமீட்டர் இருக்கும், டீ குடிக்கிற நேரத்தில் 21 கட்டத்தையும் அளந்து கொடுத்துவிடுவார்கள். அதில் போலரைசேஷன் ஃபில்டர் இருந்தால் அணைக்கச் சொல். கிளாஸித் தாளில் அது கறுப்பை உள்ளதைவிட அடர்த்தியாகக் காட்டும்.

உப்புக்காத்து:

ஐயா, பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நீங்கள் சொன்ன இரட்டைச் சமையல் அப்படியே நடந்திருக்கிறது. எங்கிருந்தோ இறக்கிய புரொஃபைலை ஃபோட்டோஷாப்பில் கொடுத்துவிட்டு, டிரைவரில் கலர் கன்ட்ரோலையும் ஓட விட்டிருக்கிறேன், அதுவும் 'விவிட்' என்ற தேர்வில்! எத்தனை தாள் பாழ் என்று எண்ணவில்லை, எண்ணினால் தூக்கம் வராது.

சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகத்தில் மச்சான் வேலை பார்க்கிறார், அங்கே போய் அளந்தேன். பழைய அமைப்பில் அச்சிட்ட தாளில் 15 சதவீதக் கட்டத்தின் ஏ மதிப்பு (பச்சையா சிவப்பா என்று காட்டும் எண், நடுநிலைக்குப் பூஜ்யம்) மைனஸ் 4 பக்கம் இருந்தது, அதாவது நல்ல பச்சை. அமைப்பைச் சரிசெய்து அச்சிட்ட இரண்டாவது தாளில் மைனஸ் 1-க்கு வந்துவிட்டது. ஜன்னல் ஓரம் இப்போது உப்பு கிட்டத்தட்ட உப்பாகத் தெரிகிறது. ஆனால் மஞ்சள் பல்பில் இன்னும் ரோஸ்தான், அதில் மாற்றமே இல்லை. அதாவது நீங்கள் சொன்ன இரண்டு நோயும் எனக்கு இருந்திருக்கிறது.

கறுப்புப் பக்கம் ஒரு வேடிக்கை. 85 சதவீதத்தில் அடர்த்தி 1.98, 90-ல் 2.04, 95-ல் 2.06, 100-ல் 2.05. கடைசிக் கட்டம் அதற்கு முந்தையதைவிடக் கறுப்பு குறைவு. தப்பாக அளந்துவிட்டோமோ என்று மூன்று தடவை பார்த்தோம், அதேதான். மை அதிகமாகப் போனால் கறுப்பும் அதிகமாகத்தானே ஆக வேண்டும்?

சிவப்புபல்பு:

ஆகாது. தாள் குடிக்கிற அளவு ஒன்று உண்டு, அதற்கு மேல் ஊற்றினால் மை மேலே தேங்கி, பளபளத்து, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். 85-க்கு மேல் உன் தாள் நிரம்பிவிட்டது. ஓலை தாராக வந்ததற்கு அதுதான் காரணம், ஓலையின் நுணுக்கமெல்லாம் அந்தக் கடைசி நான்கு கட்டத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. டிரைவரில் மீடியா டைப்பை மாற்றிப் பார், 'கிளாஸி' என்றே பெயரிட்ட இரண்டு மூன்று தேர்வுகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஊற்றுகிற மையின் அளவு வேறு. கட்டங்கள் எதில் சீராகப் பிரிகின்றனவோ அதை வைத்துக்கொள். இதுதான் நீ கேட்ட கேலிபரேஷனில் முதல் படி, மை அளவுக்கு அணை கட்டுவது. அப்புறம்தான் கட்டத்துக்குக் கட்டம் சம இடைவெளியில் இறங்குகிறதா என்று வளைகோட்டைத் திருத்துவது. லீனியரைசேஷன் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள், இருட்டறையில் பட்டைப் பட்டையாகச் சோதனை போட்டுப் பார்த்த அதே வேலைதான்.

பஞ்சுத்தாள்:

கோவையில் ஒரு சின்ன பிரிண்ட் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், கண்காட்சி அச்சு மட்டும்தான். பெரியவர் சொன்ன எல்லாவற்றுக்கும் ஆமாம். ஆனால் தம்பி கேட்டது தை மாதத்துக்குள் பதினான்கு படம். அதைப் பற்றி யாரும் பேசவில்லையே!

கடைக்காரர் சொன்ன லிட்டர் பிக்மென்ட் மையை அந்த பிரிண்டரில் தயவுசெய்து ஊற்றாதீர்கள். நிறமிகளை மாற்றிய நிமிடமே பழைய புரொஃபைல் எல்லாம் செல்லாக்காசு. பிக்மென்ட் என்பது நீரில் மிதக்கும் துகள், டைக்கு என்று வடிவமைத்த அமைப்பில் அது படிந்து அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். எல்லாம் தாண்டி அச்சு வந்தாலும் சயான், மெஜந்தா, மஞ்சள் கலந்த சாம்பல்தான் வரும். பிக்மென்ட் ஆனதால் அதிக காலம் மங்காமல் இருக்கும், ஆனால் மங்காமல் இருக்கப் போவது அந்தப் பச்சையும் ரோஸும்தான். அது மட்டுமா, கிளாஸியில் பக்கவாட்டில் பார்த்தால் நிழல்கள் செம்பு மாதிரி மின்னும். அதைத் தவிர்க்கத்தான் கேனன் ப்ரோ-300, ப்ரோ-1000 மாதிரி பிரிண்டர்களில் நிறமில்லாத ஒரு பூச்சு மையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

எனக்குக் கேட்டால் கறுப்பு வெள்ளைக்கு சாம்பல் மை உள்ள பிரிண்டர்தான் நேரான வழி. எப்சனில் பி700, பி900 வகைகளில் கறுப்போடு இரண்டு சாம்பல் இருக்கிறது, டிரைவரில் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட் என்ற முறை இருக்கிறது. அதில் படத்தின் பெரும்பகுதியை கறுப்பும் சாம்பலும் சுமக்கும், கலர் மை சாம்பலின் சாயலைத் திருத்தத் தொட்டுக்கொள்ள மட்டும். அதனால் வெளிச்சம் மாறினாலும் நிறம் அவ்வளவாக நகராது. அந்த முறையில் போட்டால் ஃபோட்டோஷாப்பில் நிறத்தைப் பிரிண்டரே கவனிக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும், மறந்தால் மறுபடி இரட்டைச் சமையல். அப்புறம் அதில் டோன் என்ற இடத்தில் 'டார்க்கர்' என்றுதான் முதலிலேயே நிற்கும், உங்கள் மாதிரி நிழல் அடைக்கிற படங்களுக்கு 'டார்க்' அல்லது 'நார்மல்' போட்டுப் பாருங்கள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே என்னிடம் வந்து நன்றி சொன்னவர்கள் உண்டு.

டேங்க் வசதியோடு சாம்பல் மையும் வேண்டுமென்றால் எல்8180 மாதிரி ஏ3+ பிரிண்டர் இருக்கிறது. ஒரு சாம்பல் மைதான், அதுவும் டை. இருந்தாலும் இப்போது உங்களிடம் இருப்பதைவிட நடுநிலை நன்றாக நிற்கும்.

தாளைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் எல்லாம் மை மை என்கிறீர்கள், பார்வையாளருக்கு முதலில் தெரிவது தாள். பருத்தியில் செய்த மேட் தாளில், உதாரணத்துக்கு ஹானெமியூலே போட்டோ ராக் 308 ஜிஎஸ்எம், கறுப்பின் அடர்த்தி 1.6, 1.7 வரைதான் போகும். பாரைட்டா தாளில் (பேரியம் சல்பேட் பூசிய பளபளப்புத் தாள்) 2.2-ஐத் தாண்டும். எண்ணைப் பார்த்துவிட்டு எல்லோரும் பாரைட்டாவுக்கு ஓடுவார்கள். ஆனால் உப்பு மாதிரி தூள் பரப்புக்கு மேட் தாளின் சொரசொரப்பு பொருந்துவதுபோல் கிளாஸி பொருந்தாது, கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் போனதும் இரண்டின் கறுப்புக்கும் உள்ள வித்தியாசமும் பாதி குறைந்துவிடும். மேட் தாளுக்கு மேட் பிளாக், கிளாஸிக்கு போட்டோ பிளாக், அதை மாற்றிப் போட்டால் மட்டும் எதுவும் காப்பாற்றாது. மேட் தாளில் போட்டோ பிளாக் போட்ட படத்தை ஒருவர் எடுத்து வந்தார், மழையில் நனைந்து காய்ந்த தினத்தந்தி மாதிரி இருந்தது.

தாளின் வெண்மையையும் கவனியுங்கள். கடையில் பளீரென்று நீலவெள்ளையாகத் தெரிகிற தாளில் ஒளிர்வூட்டும் ரசாயனம் கலந்திருக்கும். ஜன்னல் வெளிச்சத்திலுள்ள புற ஊதாவில் அது பளிச்சிடும், மஞ்சள் பல்பில் அடங்கிவிடும், சில வருடத்தில் அந்தச் சக்தி தீர்ந்து தாள் தன் உண்மையான மஞ்சள் முகத்தைக் காட்டும். உங்கள் படத்தில் உப்பின் வெள்ளை என்பதே தாளின் வெள்ளைதான், மை அங்கே கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

விளக்குக்கரி:

டொரோண்டோவிலிருந்து எழுதுகிறேன். அக்கா சொன்னதில் பிழை இல்லை, ஆனால் அவ மூவாயிரம் கலர் படமும் அடிக்கிறவ, அவவுக்கு அது சரி. கறுப்பு வெள்ளை மட்டும்தான் அடிக்கப் போறீங்கள் என்றால் வேற பாதை ஒன்று இருக்கு.

என்னிடம் ஆறு மைப் பழைய ஏ3+ பிரிண்டர் ஒன்று, யாரோ எறிய வைத்திருந்தது. கலர் மை ஆறையும் எடுத்துவிட்டு ஆறிலும் கார்பன் மை போட்டிருக்கிறேன், 100 வீதக் கறுப்பிலிருந்து 2 வீதச் சாம்பல் வரை ஆறு செறிவில். பால் ரோர்க் என்ற அமெரிக்கர் இந்தக் கலவைகளின் செய்முறையை எல்லாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று இணையத்தில் போட்டிருக்கிறார். கறுப்புக் கார்பன் மை ஒன்றை வாங்கி, காய்ச்சி வடித்த தண்ணீர், கிளிசரின், கொஞ்சம் ஃபோட்டோ-ஃப்ளோ (இருட்டறையில் பாவிக்கிற ஈரமாக்கும் திரவம்) சேர்த்து நீங்களே நீர்க்க வைக்கலாம். சிவப்புபல்பு ஐயாவிடம் ஃபோட்டோ-ஃப்ளோ இன்னும் போத்தலில் கிடக்கும் என்று நினைக்கிறேன். கையில் கலக்கப் பஞ்சியாக இருந்தால் வெர்மான்ட்டில் ஜான் கோன் செய்கிற பீசோகிராஃபி மைகள் இருக்கு, காசு கூட.

கலர் மையே உள்ளே இல்லாததால் வெளிச்சம் மாறினால் நிறம் மாறுகிற கதையே கிட்டத்தட்ட இல்லை. வெளிர் பகுதியில் நீர்த்த மைகள் பரவுவதால் புள்ளி தெரியாது, ஐயா சொன்ன கறுப்புத் துளிப் பிரச்சினையும் போய்விடும். பிறகு, ஆயுள். கார்பன் என்றால் என்ன, விளக்குக்கரி. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிவிட்டு நம்மட ஆட்கள் தடவினது அதே கரியைத்தான். ஓலை செல்லரித்துப் போயிருக்கும், எழுத்து மட்டும் கறுப்பாகவே கிடக்கும்.

ஆனால் இந்த மையைச் சாதாரண டிரைவரால் ஓட்ட ஏலாது, மஞ்சள் என்று நினைத்து அது வெளிர் சாம்பலை எங்கேயோ ஊற்றும். ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் என்ற மென்பொருள் வேணும், பெரும்பாலும் எப்சன் பிரிண்டர்களுக்குத்தான். அதில் கேலிபரேஷன் முறை ஒன்று இருக்கு. ஆறு மையையும் தனித்தனிப் பட்டையாக அச்சிட்டுத் தரும், எந்த மை எங்கே நிரம்புகிறது என்று பார்த்து எல்லை வைக்கலாம். பிறகு 21 கட்டத்தை அச்சிட்டு, அளந்த எண்களை உள்ளே கொடுத்தால் அதுவே வளைகோட்டைத் திருத்தித் தரும். ஸ்பெக்ட்ரோ இல்லாத காலத்தில் நான் தட்டை ஸ்கேனரால்தான் அளந்தேன். தானாகத் திருத்துகிற எல்லாத்தையும் நிற்பாட்டிவிட்டு, அடர்த்தி தெரிந்த ஒரு சாம்பல் பட்டையைப் பக்கத்தில் வைத்து ஒன்றாக ஸ்கேன் செய்து ஒப்பிட்டால் போதும். லீனியரைசேஷனுக்கு அது காணும், நிறச்சாயல் அளக்கக் காணாது.

பஞ்சுத்தாள்:

தம்பி, கார்பன் அச்சு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பழுப்பு. வெளிர் பகுதி போகப் போக இன்னும் பழுப்பு, கிளாஸியில் போட்டால் தேநீர்க் கறை. அதை நடுநிலையாக்க நீலப் பக்கமாக ஒரு கலர் நிறமியைச் சேர்க்க வேண்டும், சேர்த்தால் அந்தக் கலர் முதலில் மங்கும், பழுப்பு திரும்ப எட்டிப் பார்க்கும். உப்பளம் பழுப்பாக இருந்தால் மணல்மேடு ஆகிவிடாதா? மை கலக்கவும் அளக்கவும் குறைந்தது இரண்டு மாதம் ஆகுமே, அதை ஏன் சொல்லவில்லை?

விளக்குக்கரி:

எனக்கு எட்டு மாதம் எடுத்தது அக்கா, அதான் சொல்லவில்லை. பழுப்பு உண்மை. மேட் தாளில் இதமான பழுப்பு, எனக்குப் பிடிச்ச பழுப்பு, ஆனால் உப்புக்குச் சரிவருமோ என்று கேட்டால் தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேணும், இங்கே பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்துபோய் நாசில் (மை தெளிக்கிற துளை) ரெண்டு நாளில் அடைபடும், பிரிண்டருக்குப் பக்கத்தில் ஈரத் துணி தொங்கவிட்டுக்கொண்டு படுக்கிறனான். தூத்துக்குடியில் அந்தக் கரைச்சல் இராது.

சிவப்புபல்பு:

அங்கே வேறு கரைச்சல். ஐப்பசி கார்த்திகையில் அந்தக் கடல்காற்றில் தாள் கட்டைப் பிரித்து வைத்தால் ஈரம் குடித்து ஓரம் சுருண்டுகொள்ளும், சுருண்ட தாளை உள்ளே விட்டால் ஹெட்டில் உரசும். பாலிதீன் பையை அச்சிடும் நேரத்தில் மட்டும் திற தம்பி. வாரம் ஒரு முறை நாசில் செக் ஒரு தாள் எடுத்துவிடு, அச்சு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். லைட் மெஜந்தாவில் நாலு கோடு விடுபட்டாலே போதும், சாம்பல் பச்சைக்குத் திரும்பிவிடும், நீ அமைப்பைத் தேடிக்கொண்டிருப்பாய்.

இருக்கிற பிரிண்டரிலேயே கறுப்பு மை ஒன்றை மட்டும் வைத்து ஒரு படம் போட்டுப் பார்த்தாயா? சில டிரைவர்களில் பிளெயின் அல்லது மேட் தாள் தேர்வில் கிரேஸ்கேல் போட்டால் கறுப்பு மட்டும் போகும். மலிவான வழி, சாயல் எந்த வெளிச்சத்திலும் மாறாது.

உப்புக்காத்து:

போட்டுப் பார்த்தேன் ஐயா. சாயல் நிஜமாகவே அசையவில்லை, மஞ்சள் பல்பில்கூட. ஆனால் நீங்கள் முதலில் சொன்ன புள்ளி வந்துவிட்டது. குவியல் மேல் மிளகுத்தூள் தூவிய மாதிரி, கைநீள தூரத்தில் தெரிகிறது, ஆறடி தள்ளி நின்றால் தெரியவில்லை. இரண்டு படம் இருக்கிறது, மழை மேகத்தின் கீழே பாத்தி, கிட்டத்தட்ட முழுக்க இருட்டு. அவை இரண்டும் இந்த முறையில் பிரமாதமாக வந்திருக்கின்றன. மீதிப் பன்னிரண்டுக்கு ஆகாது.

யோசித்து இப்படி முடிவு செய்திருக்கிறேன். மை எதுவும் வாங்கவில்லை. இந்த பிரிண்டர் கலருக்கும் சோதனைக்கும் இருக்கட்டும், மீடியா டைப்பை மாற்றியதில் கடைசி நான்கு கட்டமும் பிரிந்து ஓலை தெரிய ஆரம்பித்துவிட்டது, திரை வெளிச்சத்தையும் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டேன், அதனால் படங்களை இதில் திருத்திப் பார்க்க முடிகிறது. கண்காட்சிப் பன்னிரண்டும் அக்காவிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், மேட் தாளில். அக்கா, கோப்பை எப்படிக் கொடுக்க வேண்டும்? கார்பன் மை அடுத்த வருடம், டொரோண்டோ அண்ணனிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். பழுப்பு எனக்கும் பிடிக்கும்போல, பனங்காட்டுப் படங்கள் கொஞ்சம் இருக்கின்றன.

பஞ்சுத்தாள்:

16 பிட் டிஃப் கோப்பு, கிரே காமா 2.2, ஏ3 அளவுக்கு 360 டிபிஐ. 8 பிட்டில் கொடுத்தால் வானத்தில் பட்டை பட்டையாக விழும். அச்சுக்கான ஷார்ப்பனிங்கை நீங்கள் போடாதீர்கள், தாளுக்கு ஏற்ப நான் போட்டுக்கொள்கிறேன். ஓலை வரும் படங்களில் நிழலை உங்கள் கிளாஸித் தாளை வைத்துத் திருத்தியிருப்பீர்கள், மேட் தாளில் கறுப்பு 1.6-தான் என்பதால் அந்த நிழல்கள் இன்னும் நெருங்கும், ஆகவே என் தாளின் புரொஃபைலை அனுப்புகிறேன், சாஃப்ட் ப்ரூஃபில் (அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முறை) தாள் வெண்மையைக் காட்டும் டிக்கைப் போட்டுப் பாருங்கள். முதலில் பார்த்ததும் படம் செத்துப்போன மாதிரி இருக்கும், ஒரு நிமிடம் வேறு எங்காவது பார்த்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். ஒரே ஒரு படத்தை மூன்று டோனில் துண்டு அச்சாகப் போட்டு அனுப்புகிறேன், நியூட்ரல், லேசான வார்ம், லேசான கூல்.

அரங்கில் என்ன விளக்கு என்று கேட்டுச் சொல்லுங்கள், அது முக்கியம். 6500 கெல்வின் டியூப் லைட் என்றால் வார்ம் பக்கம் ஒரு துளி தள்ள வேண்டியிருக்கும்.

உப்புக்காத்து:

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் அக்கா. பாதி வரிசை வெள்ளை எல்இடி டியூப், மீதிப் பாதி மஞ்சள் ஸ்பாட். நடுவில் ஒரு டியூப் விட்டு விட்டு எரிகிறது.

சிவப்புபல்பு:

அந்த டியூபை நீயே ஒன்று வாங்கிக்கொண்டு போய் மாட்டிவிடு தம்பி, கேட்டுக்கொண்டிருந்தால் தை போய்விடும். மஞ்சள் ஸ்பாட்டையும் கண்காட்சி நாட்களுக்கு மட்டும் வெள்ளையாக மாற்றலாமா என்று வாட்ச்மேனிடம் பேசிப் பார்.

அவசரக்குடுக்கை:

அப்போ கிரேஸ்கேல் டிக்?

உப்புக்காத்து:

இரண்டு படத்துக்கு அதுதான் ப்ரோ, மேகப் படம் இரண்டும் உங்கள் டிக்கில் வந்தவை.